பெருந்தொற்று நடக்கும்போதே மருத்துவமனை சிகிச்சை ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: 2020 ஏப்ரலில் அப்பாவுக்குக் கொரோனா. ஆக்சிஜன் அளவு குறைந்ததும் வென்டிலேட்டரில் வைத்துவிட்டார்கள், அவர் பிழைக்கவில்லை. அடுத்த வருடம் சித்தப்பாவுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறைந்தது. அவரைக் குப்புறப் படுக்கச் சொன்னார்கள், ஸ்டீராய்டு போட்டார்கள், வென்டிலேட்டர் இல்லாமலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்படியென்றால் அப்பாவுக்குக் கொடுத்தது தவறான சிகிச்சையா? ஒரே நோய்க்கு ஒரு வருடத்தில் சிகிச்சை இவ்வளவு மாறுமா?

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் (ஐசியு) வேலை பார்ப்பவன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அன்றைக்கு உலகின் பெரும்பாலான மருத்துவமனைகள் எதைச் சரி என்று நம்பினவோ அதைத்தான் உங்கள் அப்பாவுக்குச் செய்திருக்கிறார்கள். வேண்டாத அவசரமோ அலட்சியமோ அதில் எனக்குத் தெரியவில்லை. இந்தக் கேள்வியைப் பல குடும்பங்கள் மனதுக்குள் வைத்துக்கொண்டு வருந்துவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2020 தொடக்கத்தில் சீனாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த தகவல் ஒன்றுதான்: நோயாளிகள் திடீரென்று மோசமாகிறார்கள். கடைசி நிமிடத்தில் பதறிக்கொண்டு வென்டிலேட்டருக்காக மூச்சுக்குழலில் குழாய் போடுவதைவிட, நிதானம் இருக்கும்போதே போட்டுவிடுவது நல்லது என்று அறிவுரை வந்தது. இன்னொரு பயமும் இருந்தது. மூக்கு வழியாக வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் ஹை ஃப்ளோ கருவியும், இறுக்கமான முகமூடி மூலம் அழுத்தம் கொடுக்கும் முறையும் வைரஸை அறை முழுக்கப் பரப்பிவிடும் என்று நினைத்தோம். 2003இல் சார்ஸ் வந்தபோது மருத்துவமனைகளுக்குள்ளேயே தொற்று பரவி, உலக அளவில் நோய் கண்ட சுமார் 8,100 பேரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மருத்துவப் பணியாளராக இருந்தார். அந்த நினைவு எல்லோருக்கும் இருந்தது. குழாய் போட்டுவிட்டால் நோயாளியின் மூச்சுக்காற்று மூடிய சுற்றுக்குள் போய்விடும். வார்டில் மற்றவர்களுக்கும் பாதுகாப்பு. ஆக, சீக்கிரம் வென்டிலேட்டர் என்பது அன்றைக்கு நோயாளியைக் காப்பாற்றும் எண்ணத்தில் எடுக்கப்பட்ட முடிவுதான்.

அப்புறம் வார்டில் பார்த்தது வேறு மாதிரி இருந்தது. ஆக்சிஜன் அளவு 80க்கும் கீழே இருக்கும், ஆனால் அந்த மனிதர் கட்டிலில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருப்பார். மற்ற நிமோனியாக்களில் இந்த அளவுக்குக் குறைந்தவர் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச மாட்டார். அதனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் மெதுவாக மாறியது. கழுத்துத் தசைகள் இழுக்கின்றனவா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, களைத்துப் போகிறாரா, நினைவு தெளிவாக இருக்கிறதா என்று ஆளைப் பார்க்கத் தொடங்கினோம். ஹை ஃப்ளோ கருவி பற்றிய பயமும் குறைந்தது. பணியாளர்களுக்கு என்95 முகக்கவசம், நல்ல காற்றோட்டம் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம் என்றானது. 2020 நடுப்பகுதிக்குள் பல இடங்களில் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்பதே வழக்கமாகிவிட்டது.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கருமையான தோல் உள்ளவர்களுக்கு அது உண்மையான அளவைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வு ஒன்று வெளியானது. கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது ரத்தத்தில் உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது, கறுப்பின நோயாளிகளிடம் எடுத்த அளவீடுகளில் 11.7 சதவீதம், வெள்ளையர்களிடம் 3.6 சதவீதம். எண்ணை நம்புவதா ஆளை நம்புவதா என்ற கேள்வி இரண்டு பக்கமும் வெட்டும். எண் குறைவு, ஆள் நன்றாக இருக்கிறார் என்பது போலவே, எண் நன்றாக இருக்கிறது, ஆள் மோசமாக இருக்கிறார் என்பதும் உண்டு.

குப்புறப் படுக்க வைப்பது கொரோனாவுக்காகக் கண்டுபிடித்தது அல்ல. நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம் இருக்கிறது. மல்லாந்து படுத்திருக்கும்போது இதயத்தின் எடையும் வீங்கிய நுரையீரலின் எடையும் அந்தப் பகுதியை அமுக்கிவிடும். ரத்தம் அங்கே போகும், காற்று போகாது. குப்புறப் படுத்தால் அந்தப் பகுதி விரியும். வென்டிலேட்டரில் இருக்கும் கடுமையான நோயாளிகளைத் தினமும் குறைந்தது 16 மணி நேரம் இப்படிப் படுக்க வைத்தால் 28 நாளில் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது என்று பிரான்சிலும் ஸ்பெயினிலும் நடந்த ஆய்வு 2013இலேயே காட்டியது. ஆனாலும் பல ஐசியுக்களில் இது அபூர்வமாகத்தான் நடந்தது. காரணம், அது எவ்வளவு ஆள்பலம் கேட்கும் வேலை என்பதுதான்.

ஒருமுறை திருப்புவதை அருகிலிருந்து பார்த்தால் புரியும். தலைமாட்டில் மயக்க மருந்து நிபுணர் நின்று வாயிலுள்ள குழாயை இரண்டு கையாலும் பிடித்திருப்பார், எண்ணுவதும் அவர்தான். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர், கால்மாட்டில் ஒருவர். முதலில் கண்களில் களிம்பு வைத்து இமைகளை ஒட்டுவார்கள். கழுத்து ரத்தக் குழாயில் போட்ட லைன், சிறுநீர்க் குழாய், மூக்கு வழி உணவுக் குழாய் எல்லாம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சரி பார்ப்பார்கள். நெஞ்சிலுள்ள ஈசிஜி பட்டைகளைக் கழற்றி முதுகில் ஒட்ட வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்றதும் முதலில் கட்டிலின் ஓரத்துக்கு இழுத்து, பிறகு பக்கவாட்டில் நிறுத்தி, பிறகு கவிழ்ப்பார்கள். நெஞ்சுக்கும் இடுப்புக்கும் அடியில் தலையணை. வயிறு அமுங்கக் கூடாது. அதோடு முடியாது. முகத்தில் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கு ஒருமுறை தலையை அடுத்த பக்கம் திருப்ப வேண்டும், கையை மாற்றி வைக்க வேண்டும். பிபிஇ என்ற முழுப் பாதுகாப்பு உடைக்குள் வியர்த்துக்கொண்டே இதை ஒரு ஷிஃப்டில் ஐந்தாறு நோயாளிகளுக்குச் செய்தார்கள். அறுவை சிகிச்சைகள் நின்றுபோனதால் எலும்பு சிகிச்சை மருத்துவர்களும் இயன்முறை மருத்துவர்களும் சேர்ந்து திருப்புவதற்கென்றே தனிக் குழுக்கள் பல மருத்துவமனைகளில் உருவாயின. ஒரு பழைய அறிவு வழக்கமானதற்குக் காரணம் அந்தக் கைகள்தான்.

உங்கள் சித்தப்பாவுக்குச் சொன்னது இதன் எளிய வடிவம்: விழித்திருக்கும் நோயாளியே தானாகக் குப்புறப் படுப்பது. ஹை ஃப்ளோ ஆக்சிஜனில் இருப்பவர்கள் இப்படிப் படுத்தால் குழாய் போட வேண்டிய தேவை ஓரளவு குறைகிறது என்று ஆறு நாடுகளில் நடந்த ஆய்வு 2021இல் காட்டியது. பெரிய அற்புதம் இல்லை, சிறிய பலன். ஆனால் செலவில்லாத பலன்.

ஸ்டீராய்டு கதை வேறு. சார்ஸ், மெர்ஸ், இன்ஃப்ளூயன்சா போன்ற முந்தைய வைரஸ் நோய்களின் அனுபவங்களை வைத்து, கொரோனாவுக்கு வழக்கமாக ஸ்டீராய்டு கொடுக்க வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2020 தொடக்கத்தில் சொன்னது. உங்கள் அப்பா மருத்துவமனையில் இருந்தபோது அந்த அறிவுரைதான் நடைமுறையில் இருந்தது. 2020 ஜூன் 16 அன்று பிரிட்டனின் ரெகவரி ஆய்வுக் குழு முடிவை அறிவித்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, தினமும் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆனது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26.2இலிருந்து 23.3 ஆனது. பல ஆண்டுகளாக எல்லா மருத்துவமனை மருந்தகத்திலும் இருக்கும் மலிவான மருந்து! அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவே நடந்த மிகப் பெரிய மாற்றம் இந்த ஒரு அறிவிப்புதான். ஏப்ரலில் அதைக் கொடுக்காத மருத்துவரைக் குறை சொல்ல முடியாது. ஜூலையில் கொடுக்காதவரைச் சொல்லலாம்.

அதே ஆய்வின் மறுபாதியைப் பலர் படிக்கவே இல்லை. ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் எந்த நன்மையும் செய்யவில்லை. தீமையை நோக்கியே எண்கள் சாய்ந்திருந்தன. இந்த நோயில் முதல் வாரம் பெரும்பாலும் வைரஸ் பெருகும் காலம். இரண்டாவது வாரத்தில்தான் உடலின் சொந்த எதிர்ப்பு எல்லை மீறி நுரையீரலைத் தாக்குகிறது. முதல் வாரத்தில் எதிர்ப்பை அடக்கினால் வைரஸுக்குத்தான் வசதி. காய்ச்சல் வந்த முதல் நாளே வீட்டில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள் 2021இல் ஏராளம். சர்க்கரை எகிறியது, இந்தியாவில் கருப்புப் பூஞ்சை அந்த அளவுக்குப் பரவியதற்குக் கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் அளவு மீறிய ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்கள். நல்ல மருந்து எது என்பதைவிட எந்த நாளில், யாருக்கு என்பதுதான் முக்கியம் என்று நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

கைவிடப்பட்ட மருந்துகளின் பட்டியல் இதைவிட நீளம். மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின், எச்ஐவி மருந்தான லோபினவிர்-ரிட்டோனவிர், ஆன்டிபயாடிக்கான அசித்ரோமைசின், குணமானவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த திரவமான பிளாஸ்மா. ஒவ்வொன்றையும் உறுதியாக நம்பியவர்கள் இருந்தார்கள், பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. மருத்துவமனைக்கு வரும் பெரும்பாலானவர்கள் எப்படியும் பிழைத்துவிடும் நோயில், எதைக் கொடுத்தாலும் அது வேலை செய்தது போலத்தான் தெரியும். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மருந்து கொடுத்து ஒப்பிட்டால்தான் உண்மை வெளியே வரும். இந்தியாவில் 39 மருத்துவமனைகளில் பிளாஸ்மாவை அப்படிச் சோதித்தார்கள். பலன் இல்லை என்று 2020 இறுதிக்குள் தெரிந்தது. ஆனாலும் 2021 மே வரை அது இந்தியாவின் சிகிச்சை நெறிமுறையில் இருந்தது. அந்த மாதங்களில் பிளாஸ்மா தேடி ராத்திரி பகலாக அலைந்த குடும்பங்களை நினைத்தால் இன்றும் வேதனையாக இருக்கிறது. ஒரு சிகிச்சையைத் தொடங்குவதைவிட நிறுத்துவது கடினம், அதுவும் உறவினர்கள் வாசலில் நிற்கும்போது.

ரத்தம் உறைவது பற்றிச் சுருக்கமாக: நுரையீரல் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைந்து கட்டியிருப்பது தெரிந்ததும், உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் மருந்து எல்லோருக்கும் வழக்கமானது. எவ்வளவு என்பதில் இரண்டு வருடம் விவாதம் நடந்தது. வார்டில் இருப்பவர்களுக்கு முழு அளவு உதவலாம், ஏற்கெனவே ஐசியுவில் இருப்பவர்களுக்கு உதவவில்லை என்பது 2021இல் தெரிந்தது. மறுபடியும் அதே பாடம், சரியான நேரம்.

இதுவரை சொன்னதைப் படித்தால் சிகிச்சை மாதாமாதம் மேலே ஏறிக்கொண்டே போனது என்று தோன்றும். அப்படி இல்லை. நியூயார்க்கின் ஒரு மருத்துவமனைக் குழுமத்தில், வயதும் இணைநோயும் கணக்கில் எடுத்த பிறகும், 2020 மார்ச்சில் 25.6 சதவீதமாக இருந்த இறப்பு ஆகஸ்டில் 7.6 ஆகக் குறைந்தது. அறிவு கூடியது ஒரு காரணம். கூட்டம் குறைந்தது இன்னொரு காரணம். அமெரிக்காவின் 558 மருத்துவமனைகளை ஆராய்ந்த மற்றொரு குழு, 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரையான கொரோனா இறப்புகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு மருத்துவமனை நிரம்பி வழிந்ததே காரணமாக இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அதாவது, அதே நோய், அதே மருந்து, அதே கட்டிடம். ஆனால் நெரிசலான வாரத்தில் சேர்ந்தவருக்குப் பிழைக்கும் வாய்ப்பு குறைவு. ஒவ்வொரு அலையிலும் இது திரும்பத் திரும்ப நடந்தது.

நெரிசலில் உண்மையில் என்ன கெடுகிறது? பெரும்பாலும் மருத்துவர் எழுதும் மருந்துச் சீட்டு கெடுவதில்லை. வழக்கமாக ஐசியுவில் ஒரு செவிலியருக்கு ஒன்று அல்லது இரண்டு நோயாளிகள். அலை உச்சத்தில் நான்கு, ஆறு என்று போகும். அப்போது முதலில் விடுபடுவது யாரும் குறித்து வைக்காத வேலைகள்: வாயைச் சுத்தம் செய்வது, சளியை உறிஞ்சி எடுப்பது, படுக்கையில் புரட்டுவது, இரவு மூன்று மணிக்கு ஒருவர் சற்றுக் குழப்பமாகப் பேசுகிறார் என்று கவனிப்பது. ஐசியு பழக்கமில்லாத வார்டுகளிலிருந்து செவிலியர்களைக் கொண்டுவருவார்கள்; அவர்கள் மனமொப்பி உழைப்பார்கள். ஆனால் வென்டிலேட்டரின் எந்த அலாரம் அவசரம், எது காத்திருக்கலாம் என்பது ஒரு வாரப் பயிற்சியில் வராது. வென்டிலேட்டர் வாங்குவது பற்றிச் செய்திகளில் நாள்தோறும் பேசினார்கள். அதை இயக்கத் தெரிந்த செவிலியரை வாங்க முடியாது என்பதை யாரும் போதுமான அளவு பேசவில்லை.

ஆக்சிஜனும் அப்படித்தான். ஹை ஃப்ளோ கருவி ஒன்று நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை இழுக்கும். பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு நோயாளிக்கே இரண்டு மணி நேரம் தாங்காது. குழாய் வழியாக வரும் மருத்துவமனைகளிலும், எல்லாக் கட்டிலும் ஒரே நேரத்தில் இழுத்தால் கடைசி வார்டில் அழுத்தம் குறைந்துவிடும். திரவ ஆக்சிஜனை வாயுவாக்கும் வேப்பரைசரில் அளவுக்கு மீறி இழுத்தால் பனி படிந்து வரத்து குறையும். ஊழியர்கள் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்ததும் உண்டு. அப்படி ஒரு இரவில் 94க்குப் பதில் 90 போதும் என்று இலக்கைக் குறைப்பது சிகிச்சை முடிவுதான், ஆனால் அதை எடுக்க வைத்தது ஆக்சிஜன் குழாயின் விட்டம்.

ஆள்பலமே சிகிச்சையாக மாறிய பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ கொள்ளைநோய். பிளெக்டம் மருத்துவமனையில், உடலை உள்ளே வைத்து மூச்சுவிட வைக்கும் பெரிய இரும்பு நுரையீரல் ஒன்றும் நெஞ்சில் பொருத்தும் சிறிய கருவிகள் ஆறும்தான் இருந்தன. மூச்சுத் தசை செயலிழந்து வந்த முதல் 31 பேரில் 27 பேர் மூன்று நாளுக்குள் இறந்தார்கள். ஆகஸ்டில் மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன், கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்று செலுத்தலாம் என்றார். இயந்திரம் இல்லை, கை போதும். சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, கட்டிலருகே உட்கார்ந்து, இரவும் பகலும் பையை அழுத்தினார்கள். பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் இறந்துகொண்டிருந்த நிலை, நான்கில் ஒருவர் என்ற அளவுக்கு மாறியது. இன்றைய ஐசியுக்களின் தொடக்கம் அங்கேதான். வைரஸைக் கொல்லும் மருந்து அன்றும் இல்லை.

குடும்பத்தாரை உள்ளே விடாமல் இருந்ததையும் சொல்ல வேண்டும். முதல் அலையில் அதற்குக் காரணங்கள் இருந்தன: முகக்கவசம் பற்றாக்குறை, எப்படிப் பரவுகிறது என்ற தெளிவின்மை. ஆனால் அது நீண்டுகொண்டே போனது தவறு என்றே நினைக்கிறேன். 14 நாடுகளில் 69 ஐசியுக்களின் 2,088 நோயாளிகளை ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் குழப்ப நிலை ஏற்பட்டிருந்தது. தன் இடம், நேரம், ஆட்கள் தெரியாமல் போவது. பென்சோடயசெபைன் வகைத் தூக்க மருந்து கொடுத்தவர்களுக்கு அது அதிகம். உறவினரை நேரிலோ வீடியோவிலோ பார்த்தவர்களுக்குக் குறைவு. உறவினர் வருகை சிகிச்சையின் ஒரு பகுதி என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. எல்லோரும் ஒரே வெள்ளை உடையில் இருந்ததால் நெஞ்சில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொள்ளத் தொடங்கினோம். ஒரு பெரியவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, நான்கு நாளில் முதல்முறையாகத் தண்ணீர் கேட்டார்.

கொரோனா இல்லாத நோயாளிகளும் விலை கொடுத்தார்கள். முதல் அலையின் உச்சமான 12 வாரங்களில் உலகம் முழுக்கச் சுமார் 2.8 கோடி அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போகும் என்று மதிப்பிட்டார்கள். புதிதாகக் கண்டறியப்பட்ட காசநோயாளிகள் 2019இல் 71 லட்சம், 2020இல் 58 லட்சம். நோய் குறையவில்லை, கண்டுபிடிப்பது குறைந்தது.

தடுப்பூசிக்குப் பிறகு, குறிப்பாக 2021 இறுதியில் ஒமைக்ரான் வந்தபின், வார்டின் முகமே மாறியது. கால் உடைந்து வருபவருக்குப் பரிசோதனையில் கொரோனா தெரியும். அவருக்குத் தேவை எலும்பு மருத்துவர். ஆனால் விதிப்படி கொரோனா வார்டு. தனி வார்டில் எல்லோரையும் சேர்ப்பது ஒரு கட்டத்துக்குப் பிறகு உதவியைவிட இடைஞ்சலாகிவிடுகிறது. டிஸ்சார்ஜ் விதியும் இப்படித்தான் தளர்ந்தது: முதலில் இரண்டு முறை நெகட்டிவ் வர வேண்டும் என்றார்கள், நன்றாக இருப்பவர்களும் வாரக்கணக்கில் கட்டிலைப் பிடித்திருந்தார்கள். 2020 மே மாத இறுதியில், அறிகுறி தொடங்கி 10 நாளும் அறிகுறி இல்லாமல் கூடுதலாக 3 நாளும் ஆனால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் மாற்றியது. அந்த ஒரு வரி எத்தனையோ கட்டில்களைக் காலி செய்தது.

கடைசியாக, தீவிர சிகிச்சையிலிருந்து மீண்டு வந்தவர் வீட்டில் இருந்தால் கவனிக்க வேண்டியவை. தசை கரைவது, படி ஏற முடியாமை, மறதி, தூக்கத்தில் பயங்கரக் கனவுகள் எல்லாம் மாதக்கணக்கில் இருக்கலாம். அது சோம்பலோ மனப்பிரமையோ இல்லை, உடற்பயிற்சி சிகிச்சையால் மெதுவாகத் தேறும். நீண்ட நாள் குழாய் இருந்தவர்களுக்கு மூச்சுக்குழல் சுருங்கி, சில வாரங்கள் கழித்து மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால் ஆஸ்துமா என்று விட்டுவிடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். எத்தனை நாள் வென்டிலேட்டர், கழுத்தில் துளை போட்டார்களா, ஸ்டீராய்டு எவ்வளவு, எத்தனை நாள் என்பதை டிஸ்சார்ஜ் தாளில் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் வேறு எதற்காவது அறுவை சிகிச்சை என்று போனால் மயக்க மருந்து கொடுப்பவர் அதைத்தான் முதலில் கேட்பார்.